டோசிடாக்சல் ஏறும் நாளும் அடுத்த இருபது நாளும்

டோசிடாக்சல் என்ற கீமோ மருந்துச் சொட்டு ஏறி முடிய ஒரு மணி நேரம். அடுத்த சொட்டுக்கு மூன்று வாரம். அந்த ஒரு மணி நேரத்தை மிஸ்ஸிகள் (தாதியர்) பார்த்துக்கொள்வார்கள். மீதி இருபது நாளைப் பார்க்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை) மாதிரி தோட்டத்து ஊரில் இருந்தால் பொறுப்பு இன்னும் கூடும். கீமோ கொடுக்கும் பெரிய ஆஸ்பத்திரி கோலாலம்பூரிலோ புத்ராஜெயாவிலோ இருக்கும், காய்ச்சலோ நடுராத்திரியில் செம்பனைத் தோட்டத்து வீட்டில் வரும்.

புரோஸ்டேட் புற்றுநோய் பரவிய நிலையில் இந்த மருந்து எழுதிக்கொடுக்கப்பட்டவரின் மனைவி, மகன், மகள், மருமகளுக்காக இதை எழுதுகிறோம். உங்கள் மருத்துவர் கொடுத்த தாளில் வேறு விதமாக இருந்தால் அந்தத் தாள் சொல்வதையே செய்யுங்கள்.

மருந்தும் அளவும்

ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையில் இருந்து எடுத்த பொருளை ஆய்வுக்கூடத்தில் மாற்றிச் செய்கிற மருந்து இது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய குழல்கள் சாரம் கட்டியதுபோல் எழும்பி, வேலை முடிந்ததும் கலையும். டோசிடாக்சல் அந்தச் சாரத்தைக் கலைய விடாது, அணு பிரிய முடியாமல் செத்துப்போகும். புற்று அணு, முடிவேர், வாயின் உள்தோல், குடல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை என்று வேகமாகப் பிரியும் எதையும் அது விட்டுவைப்பதில்லை. கீழே வரும் பின்விளைவுகளில் பாதி இந்த ஒரே காரணத்தால் வருபவை.

2004-இல் வெளியான டாக்ஸ் 327 ஆய்வில், ஹோர்மோன் சிகிச்சை பலிக்காமல் போன 1,006 பேர் சேர்க்கப்பட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை டோசிடாக்சல் பெற்றவர்களின் நடுமட்ட ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 18.9 மாதம், பழைய மருந்தான மைட்டோக்சான்ட்ரோன் பெற்றவர்களுக்கு 16.5 மாதம். இந்த வித்தியாசத்துக்கா இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அதே ஆய்வில் வலி குறைந்தவர்களும் டோசிடாக்சல் பக்கமே அதிகம். முதுகெலும்பு வலியோடு இரவில் புரண்டு படுக்கும் மனிதருக்கு அது சின்ன விஷயமில்லை. பிறகு 2015-இல் வந்த சார்ட்டட் ஆய்வு, நோய் பரவியது தெரிந்த தொடக்கத்திலேயே ஹோர்மோன் சிகிச்சையோடு 6 சுற்று (ஒரு சொட்டு ஒரு சுற்று) கொடுத்தபோது நடுமட்ட ஆயுள் 44 மாதத்தில் இருந்து 57.6 மாதமானதைக் காட்டியது. அதனால்தான் சிலருக்கு 6 சுற்று, ஹோர்மோன் பலிக்காத நிலையில் தொடங்குபவர்களுக்கு 10 சுற்று வரை என்று எழுதுகிறார்கள். கீமோ தொடங்கியது என்பதற்காக ஹோர்மோன் ஊசியை விட்டுவிடக் கூடாது. மூன்று மாத ஊசி போடுபவர் என்றால் அதன் தேதியையும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

அளவு உடலின் பரப்புக்கு ஏற்றது: ஒரு சதுர மீட்டருக்கு 75 மி.கி. உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3,600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பார்கள். 165 செ.மீ. உயரம், 60 கிலோ எடை என்றால் பரப்பு 1.66 சதுர மீட்டர், மருந்து சுமார் 124 மி.கி. அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்கள். சட்டைப்பையில் சாவிக்கொத்தும் கைத்தொலைபேசியும் வைத்துக்கொண்டு தராசில் ஏற வேண்டாம்.

முந்தின இரவு மாத்திரை

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஒவ்வாமையையும் உடலில் நீர் கோப்பதையும் தடுக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். புரோஸ்டேட்டுக்கு வழக்கமான முறை: சொட்டுக்கு 12 மணி நேரம் முன், 3 மணி நேரம் முன், 1 மணி நேரம் முன், வேளைக்கு 8 மி.கி. சொட்டு காலை 11 மணிக்கு என்றால் முந்தின இரவு 11, காலை 8, காலை 10.

மாத்திரை எத்தனை என்பது அட்டையில் அச்சிட்டிருக்கும் வலிமையைப் பொறுத்தது. 4 மி.கி. மாத்திரை என்றால் வேளைக்கு 2. 0.5 மி.கி. மாத்திரை என்றால் 16. பதினாறு மாத்திரையைக் கையில் கொட்டிப் பார்த்ததும் பயந்துபோய், மருந்துக்கடைக்காரர் தப்பாக எழுதிவிட்டார் என்று இரண்டை மட்டும் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அன்று பகலிலேயே பார்மசிக்கு அழைத்துக் கேளுங்கள், இரவு பதினொன்றுக்குக் கேட்க ஆள் இருக்காது.

காலை 8 மணி வேளை பெரும்பாலும் வண்டியிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ வரும். மாத்திரை, தண்ணீர், இரண்டு துண்டு ரொட்டி மூன்றையும் ஒரே பையில் போட்டு அப்பாவின் கையில் கொடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு எரியும். ஒரு வேளை தவறிப்போனால் சொட்டு மாட்டும் முன்பே மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள், நரம்பு வழியாக அதற்கு ஈடு கொடுக்க முடியும். திட்டுவார்களோ என்று மறைப்பதில்தான் ஆபத்து. மருந்து கலக்கத் தாமதமாகி 11 மணிச் சொட்டு 2 மணிக்குப் போனாலும் நீங்களாக இன்னொரு வேளை போட வேண்டாம், அவர்களைக் கேளுங்கள்.

சொட்டு ஏறும்போது

ரத்தச் சோதனை முடிவு வந்த பிறகுதான் மருந்தைக் கலப்பார்கள். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு கன மில்லிமீட்டருக்கு 1,500-க்குக் கீழே இருந்தால் அன்று சொட்டு கிடையாது. ஈரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் இயல்பு அளவைத் தாண்டினாலும் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். டோசிடாக்சலை உடைத்து வெளியேற்றுவது ஈரல், அது சோர்ந்திருந்தால் மருந்து தேங்கி விஷமாகும். கள்ளோ சம்சுவோ இந்த மாதங்களில் ஏன் வேண்டாம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஹெபடைடிஸ் பி சோதனை இதுவரை எடுக்காதவர் என்றால் முதல் சுற்றுக்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள், கீமோவில் அந்தக் கிருமி மறுபடி தலைதூக்கலாம்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ ரத்தம் எடுக்க முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். முடியுமென்றால், காலை ஐந்தரைக்குக் கிளம்பி, நெரிசலில் போய்ச் சேர்ந்து, "இன்று அணு குறைவு, அடுத்த வாரம் வாருங்கள்" என்று கேட்டுத் திரும்பும் பயணம் மிச்சம்.

மருந்து 250 மி.லி. உப்பு நீரிலோ குளுக்கோஸ் நீரிலோ கலந்து வரும். ஒவ்வாமை வருவதென்றால் பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் சுற்றில், தொடங்கிய சில நிமிடத்துக்குள் வரும். முகம் சிவந்து சூடாகும், நெஞ்சை இறுக்கும், முதுகு வலிக்கும், மூச்சு முட்டும். முதல் கால்மணி நேரம் அப்பாவைத் தூங்க விடாதீர்கள், நீங்களும் கேண்டினுக்குப் போகாதீர்கள். இலேசானது என்றால் நிறுத்தி, மருந்து கொடுத்து, மெதுவாக மறுபடி ஓட்டுவார்கள். கடுமையானது என்றால் இந்த மருந்தே அதோடு முடிந்தது. ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ "கொஞ்சம்தானே" என்று பொறுக்கக் கூடாது, மருந்து தசையில் கசிந்தால் புண்ணாகும்.

நகங்களைக் காக்க ஒரு வழி இருக்கிறது. சொட்டுக்குக் கால்மணி நேரம் முன்பிருந்து முடிந்து கால்மணி நேரம் வரை கைகால் விரல்களைக் குளிரில் வைத்தால் அங்கே ரத்த ஓட்டம் சுருங்கி, மருந்து குறைவாகப் போகும். குளிர்க் கையுறை இல்லாத இடத்தில், வார்டில் அனுமதித்தால், துண்டில் சுற்றிய ஐஸ் பொதிகளை வீட்டில் இருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். கைகால் ஏற்கெனவே மரத்திருப்பவர், ரத்த ஓட்டக் குறை உள்ளவர் இதைச் செய்யும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

டோசிடாக்சல் தயாரிப்புகள் பலவற்றில் சாராயம் கரைப்பானாகக் கலந்திருக்கும், சிலருக்குத் தலை சுற்றும். பேருந்து நிறுத்தத்தில் விட்டுவந்த கப்சாய் மோட்டாரை அன்று வேறொருவர் ஓட்டட்டும்.

முதல் இரண்டு நாள்

மருந்தின் மிச்சம் மலம், சிறுநீர், வாந்தியில் வெளியேறும். 48 மணி நேரத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது, மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விடுவது, வாளித் தண்ணீர் என்றால் தெறிக்காமல் இரண்டு வாளி ஊற்றுவது. அழுக்குத் துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் மகளோ மருமகளோ அந்த வேலையைத் தொட வேண்டாம். மற்றபடி பேரப்பிள்ளை மடியில் உட்காரலாம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். கீமோ தொற்றிக்கொள்ளும் நோய் இல்லை.

ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை

சொட்டு ஏறிய நாளை ஒன்று என்று எண்ணி, காலண்டரில் 7 முதல் 14 வரை சிவப்பு மையால் கோடு போடுங்கள். வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கும் வாரம் இது. ஒரு சுற்றில் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய வாரம் என்றால் இதுதான்.

காலையும் மாலையும், உடம்பு ஒரு மாதிரி இருந்தால் இடையிலும், டிஜிட்டல் தெர்மாமீட்டரில் சூடு பாருங்கள். 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பனடோல் (பாராசிட்டமால்) போட்டுப் பார்க்கலாம் என்பதும் கூடாது. பனடோல் சூட்டை இறக்கும், ரத்தத்தில் பெருகும் கிருமியை ஒன்றும் செய்யாது. உடல்வலிக்குப் பனடோல் தேவைப்பட்டாலும் முதலில் சூடு பார்த்து எழுதிவைத்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்தச் சிகிச்சையோடு தினமும் போடும் இன்னொரு ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனும் காய்ச்சலை அமுக்கிவிடும். ஆகவே 37.5 தான் காட்டுகிறது, ஆனால் உடம்பு தூக்கிப் போடுகிறது, பேச்சு குழறுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் தெர்மாமீட்டரை நம்பாமல் கிளம்புங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்க வேண்டாம், அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வழி.

எங்கே போவது என்பதை முதல் சுற்றுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். தஞ்சோங் காராங் மாவட்ட ஆஸ்பத்திரியா, சுங்கை பூலோவா, வண்டி யாருடையது, இரவில் எழுப்பினால் வருபவர் யார். வண்டி இல்லையென்றால் 999. அவசரப் பிரிவு முகப்பில் வெறும் "டெமாம்" (காய்ச்சல்) என்று மட்டும் சொன்னால் டிங்கி சந்தேக வரிசையில் உட்கார வைத்துவிடலாம். "பெசாக்கிட் கான்சர், பாரு புவாட் கெமோ, டெமாம்" (புற்றுநோயாளி, இப்போதுதான் கீமோ எடுத்தார், காய்ச்சல்) என்று சொல்லி, சிகிச்சைப் புத்தகத்தையும் கடைசிச் சொட்டின் தேதியையும் நீட்டுங்கள். இந்தக் காய்ச்சலுக்கு வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதே மருத்துவ விதி.

காய்ச்சல் வராமல் பார்ப்பதும் இந்த வாரத்து வேலைதான். கோழிக்கூடு, மாட்டுக்கொட்டில், அடைத்த சாக்கடை எதிலும் அவர் கை வைக்க வேண்டாம். எலி மூத்திரம் கலந்த நீரில் இருந்து எலிக்காய்ச்சல் வரும் ஊர் நம்முடையது. தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பதும் வேண்டாம். பச்சை உலாம் (சமைக்காத கீரை, இலை), பாதி வெந்த முட்டை, நேற்றைய தேங்காய்ச் சட்டினி, திறந்த கடையில் வெட்டி வைத்த பழம் இவற்றை ஒதுக்கிவிட்டு, சுடச்சுடச் சமைத்ததைக் கொடுங்கள். தைப்பூசம் இந்த வாரத்தில் விழுந்தால் பத்துமலைக் கூட்டத்துக்குப் போக வேண்டாம், மொட்டைக்குச் சவரக் கத்தியும் வேண்டாம். முடி எப்படியும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே உதிரும். அலகு குத்துவதாக நேர்ந்திருந்தால் முருகன் அடுத்த வருடம் வரை பொறுப்பான்.

அணு ஏற ஃபில்கிராஸ்டிம் ஊசி கொடுத்துவிட்டால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைபெட்டியில் அல்ல. வரும் வழியில் ஐஸ் பெட்டி தேவை. போட்ட பின் இடுப்பெலும்பு வலித்தால் அது மருந்து மஜ்ஜையைத் தூண்டுவதால் வரும் வலி. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அழ வேண்டியதில்லை.

பிரெட்னிசோலோனும் இனிப்பு நீரும்

பிரெட்னிசோலோன் 5 மி.கி. காலையும் மாலையும், பசியாறிய பிறகு. இரண்டாவதை இரவுக்குத் தள்ளாமல் மாலை நான்கு ஐந்து மணிக்கே போட்டால் தூக்கம் கெடாது. திடீரென்று நிறுத்தக் கூடாது, உடல் தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்திருக்கும்.

நம் வீடுகளில் இனிப்பு நீர் இல்லாத அப்பாக்கள் குறைவு. டெக்சாமெத்தசோன் போட்ட நாளும் அடுத்த இரண்டு நாளும் சர்க்கரை எகிறும். அந்த நாட்களில் நான்கு வேளை விரல் குத்திப் பாருங்கள். 12 மில்லிமோலைத் தாண்டி இரண்டு முறை வந்தாலோ, தாகமும் சிறுநீரும் கட்டுக்கடங்காமல் போனாலோ கிளினிக்குக்கு அழையுங்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று மைலோவும் 100 பிளஸுமாக ஊற்றுவது இந்த மூன்று நாளில் பெரிய தப்பு. ஊற வைத்துக் காய்ச்சிய பயறுக் கஞ்சி, நன்கு வெந்த முட்டை, மீன் குழம்பில் மீன் துண்டு என்று புரதத்தைக் கூட்டுங்கள்.

வாய், வயிறு, தோல்

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பு ஒரு தேக்கரண்டி, ஆப்பச் சோடா ஒரு தேக்கரண்டி. தினமும் புதிதாகக் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்க வேண்டும். புண் வந்த பிறகு தொடங்குவதைவிட முதல் நாளிலேயே தொடங்குவது மேல். வெற்றிலைச் சுண்ணாம்பு, கரித்தூள், மதுசாரம் கலந்த வாய்க்கழுவி மூன்றும் கூடாது. ருசி மாறி எல்லாம் இரும்புபோல் தெரியும் என்பார், ரசத்தில் மிளகைக் குறைத்துப் புளியைக் கூட்டிப் பாருங்கள், புண் இருந்தால் இரண்டையும் குறையுங்கள்.

வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் பேதி போனால் அழைக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்திருந்தால் லோப்பரமைடு முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு பேதிக்கும் 2 மி.கி. காய்ச்சலும் பேதியும் சேர்ந்து வந்தால் மாத்திரையை எடுக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவு.

வாரம் இரண்டு முறை காலையில் எடை பாருங்கள். ஓரிரு நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கணுக்கால் வீங்கி விரல் வைத்தால் குழி விழுந்தாலோ அது நீர், சதை இல்லை. கண்ணில் ஓயாமல் நீர் வழிந்தால் கண்ணீர் வடியும் துளை சுருங்குகிறது என்று பொருள், நாள்பட விட்டால் அடைத்துக்கொள்ளும்.

கூட வைக்கக் கூடாதவை

டோசிடாக்சலை ஈரலில் உடைக்கும் நொதியை வேறு பொருள்கள் கட்டிப்போட முடியும். கிரேப்புரூட் அதில் பெயர்பெற்றது, அதன் தாய்வழிச் சொந்தமான லிமாவ் பாலியையும் (பம்பளிமாஸ்) இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோலும் ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசினும் மருந்தைத் தேக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்) வேறு எதற்காவது மாத்திரை கொடுத்தால் "கெமோ டோசிடாக்சல்" என்று சொல்லிக் கேட்ட பிறகே விழுங்க வேண்டும். நாட்டு மருந்து, சந்தையில் விற்கும் ஜாமு, தெரிந்தவர் கொடுத்த தூள் எதுவாக இருந்தாலும் பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வெளிப்பூச்சுத் தைலத்துக்குத் தடையில்லை, புண்ணில்லாத இடத்தில் தடவலாம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு அடையாள அட்டை உள்ளவர்களும் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்) வண்டிச் செலவுக்கே திண்டாடுபவர்களும் முதல் சந்திப்பிலேயே ஆஸ்பத்திரியின் ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தானுக்கு (மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு) அனுப்பக் கேளுங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்துவதைவிட இது நல்லது.

அடுத்த சுற்றுக்கு முன்

புரோஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் ரத்தச் சோதனையான பி.எஸ்.ஏ. முதல் இரண்டு மூன்று மாதத்தில் இறங்காமல் ஏறினாலும் அதை வைத்து மட்டும் சிகிச்சை தோற்றது என்று முடிவுகட்டுவதில்லை. சாகும் புற்று அணுக்கள் கொட்டுவதாலும் தற்காலிகமாக ஏறும். முதல் 12 வாரத்து ஏற்றத்தை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம் என்பதே நிபுணர் குழுக்களின் வழிகாட்டுதல். வலி கூடுகிறதா, எடை இறங்குகிறதா, ஸ்கேன் படம் என்ன சொல்கிறது என்பவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். காலில் திடீரென்று பலம் குன்றினாலோ சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ அது முதுகுத்தண்டை நசுக்கும் அறிகுறி. அதற்கு அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி.

விரல் மரத்துப்போவதைத்தான் ஆண்கள் அதிகம் மறைக்கிறார்கள். அரிவாள் பிடித்துப் பழகிய கை, "கொஞ்சம் எறும்பு ஊறுகிறது, அவ்வளவுதான்" என்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தின நாள் சட்டைப் பொத்தானை அவரே போடட்டும், செருப்பு காலில் நிற்கிறதா என்று பாருங்கள், தரையில் விழுந்த இருபது சென் காசை எடுக்கச் சொல்லுங்கள். போன முறை முடிந்தது இந்த முறை தடுமாறினால் அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர் அளவை 75-இல் இருந்து 60-க்கு இறக்கலாம், அல்லது நிறுத்தலாம். சொல்லாமல் விட்டு எட்டாம் சுற்று வரை போனால், மருந்தை நிறுத்திய பிறகும் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டியிருக்கும்.